ரஷ்யாவை எந்தக் கண்டத்தில் சேர்ப்பது?

அட்லஸ் அப்பா: "ரஷ்யா எந்தக் கண்டம்?" என்று மகளின் வினாத்தாளில் ஒரு கேள்வி. ஆசியா என்று எழுதியிருக்கிறாள், ஐரோப்பாதான் சரி என்று டீச்சர் தப்பு போட்டுவிட்டார். நாட்டின் பரப்பு 1.7 கோடி சதுர கிலோமீட்டர். அதில் முக்கால் பங்கு ஆசியாவில்தான் கிடக்கிறது. அப்புறம் எப்படித் தப்பு?

நெல்லைக் கணக்கு: டீச்சர் போட்டது சரி. நிலத்தை மட்டும் அளந்தால் போதுமா? ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் எல்லை உரால் மலை. ஜனத்தில் முக்கால்வாசி அதற்கு மேற்கே ஐரோப்பாவில் இருக்கிறது, தலைநகரம் மாஸ்கோவும் அங்கேதான். மலைக்குக் கிழக்கே உள்ள சைபீரியா பெரிய கொல்லைப்புறம். வீட்டு விலாசத்தை வாசலை வைத்துத்தான் சொல்வோம், கொல்லையை வைத்து அல்ல.

வோல்காக்கரை: அண்ணா, ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரையில் உள்ள கசானில் ஆறு வருஷம் மருத்துவம் படித்தவன் நான். நீங்கள் சொல்லும் வாசலிலேயே ஆசியா உட்கார்ந்திருக்கிறது. மாஸ்கோவில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் கசான். கோட்டைக்குள்ளேயே குல் ஷரீஃப் மசூதி, அதே மதிலுக்குள் தேவாலயம். ஊரில் பாதிப்பேர் தாத்தார்கள், அவர்கள் மொழி துருக்கிய மொழிகளின் பங்காளி. காஸ்பியன் பக்கம் இறங்கினால் கல்மீக்கியா, அங்கே பௌத்த மடங்கள். எல்லாம் உங்கள் ஐரோப்பாவில்தான்.

நெல்லைக் கணக்கு: தம்பி, கசானை ரஷ்ய மன்னர் நான்காம் இவான் 1552-இல் படையெடுத்துப் பிடித்தார். பிடித்த ஊரில் பல இனம் இருக்கத்தான் செய்யும். நாட்டை நடத்துவது யார் என்று பாருங்கள். பதினொரு நேர மண்டலம் உள்ள நாடு, ஆனால் 2018 வரை தூரப்பயண ரயில் டிக்கெட் எல்லாவற்றிலும் மாஸ்கோ நேரம்தான். விளாடிவோஸ்டாக்கில் பொழுது சாயும்போது டிக்கெட்டில் காலை பதினொரு மணி! கிழக்குக் கோடியில்கூடத் தெருவில் கேட்பது ரஷ்ய மொழிதானே?

வோல்காக்கரை: அந்த டிக்கெட்டோடு நானே அல்லாடியிருக்கிறேன். அறைத்தோழன் புர்யாத் இனத்தவன். பிப்ரவரியில் அவர்கள் புத்தாண்டு, சகால்கான். பைக்கால் ஏரிக்கு அப்பால் உள்ள அவன் ஊர் உலான் உதேவுக்குக் கூட்டிப்போனான். பிளாஸ்கார்ட் என்னும் திறந்த படுக்கைப் பெட்டி, 54 படுக்கை, கதவே கிடையாது. பெட்டிக் கோடியில் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருக்கும், டீக்குக் குறைவில்லை. நாலாம் நாள் பைக்கால் ஏரி. 1,642 மீட்டர் ஆழமாம், மேலே பார்த்தால் உறைந்துபோய் வெறும் வெள்ளைத் தரை.

அவன் வீட்டில் 'பூசி' என்ற பலகாரம் வைத்தார்கள். நம்ம கொழுக்கட்டை மாதிரி அவித்தது, உள்ளே இறைச்சி, உச்சியில் சின்னத் திறப்பு. கையில் எடுத்து ஓரத்தைக் கடித்து முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும். நான் முள்கரண்டியால் குத்திவிட்டேன், சாறு முழுக்கத் தட்டில். பாட்டி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அவர் பேரனிடம் புர்யாத்தில் பேசினார், பேரன் ரஷ்ய மொழியில் பதில் சொன்னான். அது உங்கள் கட்சிக்குத்தான் சாதகம், ஒப்புக்கொள்கிறேன்.

பனங்காட்டு நரி: இரண்டு பேரும் உரால்தான் எல்லை என்று ஏற்றுக்கொண்டே சண்டை போடுகிறீர்கள். அந்த எல்லைக்கோடு யார் போட்டது? பழைய கிரேக்கர்களுக்குக் கசானுக்கு மேற்கே ஓடும் டான் ஆறுதான் எல்லை. அந்தக் கணக்கில் கசான் ஆசியா! 18-ஆம் நூற்றாண்டில்தான் ததீஷ்சேவ் என்ற ரஷ்யர் எல்லையை உராலுக்குத் தள்ளச் சொன்னார். அந்த மலையின் உச்சமே 1,895 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2,637.

நெல்லைக் கணக்கு: யார் போட்ட கோடாயிருந்தால் என்ன, புத்தகத்தில் இன்று அதுதானே இருக்கிறது? ஏழாம் வகுப்புப் பிள்ளை கிரேக்கர் காலத்து எல்லையை எழுதினால் மார்க் வருமா?

அட்லஸ் அப்பா: ஏழாம் வகுப்பு என்று நான் சொல்லவே இல்லையே, ஆனால் சரிதான்! நாளைக்கு டீச்சரைப் பார்க்கப் போகிறேன். அரை மார்க்காவது கேட்கலாமா?

நெல்லைக் கணக்கு: ஜனக் கணக்குப்படி கால் மார்க்.

வோல்காக்கரை: நிலக் கணக்குப்படி முக்கால். விடாதீர்கள் அண்ணா.