கம்யூனிட்டி பவுண்டேசன், கிராண்ட்: வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், உவர்மலை:

எல்லோருக்கும் வணக்கம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் கடற்றொழிலாளர் சங்கங்களுக்குமான கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். கனடாவில் உள்ள கம்யூனிட்டி பவுண்டேசன்களிடம் (பலருடைய கொடையைச் சேர்த்து வைத்து உள்ளூர்த் தேவைகளுக்குப் பகிரும் அமைப்புகள்) கிராண்ட் (ஒரு வேலைக்கெனத் தரும் நிதியுதவி) கேட்டு எப்படி விண்ணப்பிப்பது என்பதுதான் விஷயம். முதல் வரைவில் 'சமூக அறக்கட்டளை', 'மானியம்' என்று போட்டேன். குச்சவெளிப் பக்கத்துச் சங்கத் தலைவி ஒருவருக்கு வாசித்துக் காட்டினால், "மானியம் எண்டால் உர மானியம் மாதிரியோ? அதைக் கமநல நிலையத்திலயெல்லோ கேக்க வேணும்" என்கிறார். 'சமூகம்' என்றதும் "எந்தச் சமூகத்துக்கு?" என்று கேட்டார். மூன்று இனமும் வாழும் திருகோணமலை மாவட்டத்தில் அந்தக் கேள்வி வராமல் இருக்காது. உதவி செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சாம்பல்தீவு:

தங்கச்சி, மானியத்தை விட்டுவிடுங்கள். 'நல்கை' இருக்கிறதே. தமிழ்நாட்டில் பல்கலைக்கழக நல்கைக் குழு என்கிறார்கள். நாம்தான் மானியங்கள் ஆணைக்குழு என்று வைத்துக்கொண்டோம். மானியம் வடமொழி வழி வந்தது. ஊழியத்துக்கோ கோயிலுக்கோ வரி நீக்கி விட்ட நிலத்துக்கு வழங்கிய சொல். அதற்கே தமிழில் 'இறையிலி' உண்டு. நம் நிலாவெளிக் கல்வெட்டைப் பாருங்கள்: கோணமலை ஈசுவரத்துக்கு 250 வேலி நிலம் விட்ட செய்தி அதில் இருக்கிறது. கொடுத்ததைச் சொல்ல இந்த மண்ணில் சொல்லுக்கா பஞ்சம்?

வளாக மாணவி, கோணேசபுரி:

சேர், நல்கை அழகான சொல்தான். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே 'நல்கூர்தல்', அதாவது வறுமைப்படுதல், நிற்கிறது. 'நற்பொருள் நன்குணர்ந்து சொல்லினும் நல்கூர்ந்தார் சொற்பொருள் சோர்வு படும்' என்பது குறள் 1046; வறியவர் நல்லதைச் சொன்னாலும் எடுபடாது என்கிறது. விண்ணப்பம் எழுதும் சங்கத்துக்கு இது நல்ல சகுனமா? இன்னொன்று, என் அம்மாவிடம் 'நல்கை' என்றேன், 'நகை' என்று கேட்டுவிட்டார். கூட்டத்தில் சத்தமாக வாசிக்கப்போகிற கையேடு இது. காதுக்கும் எட்ட வேண்டும்.

கணக்காளர், கிண்ணியா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் சங்கங்களின் கணக்கைப் பார்க்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். 'நன்கொடை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நன்கொடை என்றால் வந்த காசு எங்களுடையது, மிச்சத்தை வேறு எதற்கும் செலவழிக்கலாம் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். ஒரு சங்கம் கிணறு கட்டி மிஞ்சிய காசில் கூட்ட மண்டபத்துக்குக் கதிரை வாங்கிவிட்டது. கடைசியில் அந்தத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று. கிராண்ட் என்றால் சொன்ன வேலைக்கு மட்டும் தரும் காசு. பற்றுச்சீட்டு, இடைக்கால அறிக்கை, முடிவறிக்கை எல்லாம் கேட்பார்கள், மிஞ்சியதைப் பற்றியும் கேட்பார்கள். 'நிபந்தனை நிதியுதவி' என்று போடுங்கள், வேலை முடிந்தது.

அப்புறம், 'அறக்கட்டளை' வக்புக்கும் (முஸ்லிம்கள் அறப்பணிக்கு எழுதிவைக்கும் சொத்து) கிட்டத்தட்ட அதே கருத்தில்தான் வரும். வக்பு செய்தவர் என்ன நோக்கத்துக்குக் கொடுத்தாரோ அதற்குத்தான் அந்தச் சொத்து. கம்யூனிட்டி பவுண்டேசன் அப்படிப்பட்டதா?

ரொறன்ரோவிலிருந்து (சொந்த ஊர் தம்பலகாமம்):

கிண்ணியா நண்பர் சரியான இடத்தில் கேட்டிருக்கிறார். முதலாவது கம்யூனிட்டி பவுண்டேசன் 1914இல் கிளீவ்லாண்டில் தொடங்கியது. தொடங்கியவர் பிரெடெரிக் கோஃப், பிறர் சொத்தை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்து நிர்வகிக்கும் ஒரு வங்கியின் தலைவர். செத்துப்போனவர்கள் எழுதிவைத்த நோக்கங்கள் காலாவதியான பிறகும் காசு அதிலேயே கட்டுண்டு கிடப்பதுதான் அவரை உறுத்தியது. அதனால் பலருடைய கொடையையும் ஓரிடத்தில் சேர்த்து, அந்தந்தக் காலத்துத் தேவைக்குப் பகிரும் பொறுப்பை ஊரவர் குழுவிடம் விட்டார். கனடாவில் முதலாவது 1921இல் வின்னிபெக்கில் வந்தது.

கோயிலில் 'கட்டளை' என்றால் என்ன? இன்ன நாள், இன்ன பூசை, இன்னார் உபயம், அதை மாற்ற முடியாது. கோஃப் எதிலிருந்து விலகப் பார்த்தாரோ அதையே 'அறக்கட்டளை' பெயரில் சுமக்கிறது. ஆகவே அந்தச் சொல்லுக்கு என் வாக்கு இல்லை.

கையேட்டில் இன்னொன்றைத் தடித்த எழுத்தில் போடுங்கள். இவை பெரும்பாலும் தங்கள் நகரத்துக்கோ வட்டாரத்துக்கோ உள்ளேதான் கொடுக்கும். மூதூரிலிருந்து நேரே விண்ணப்பித்தால் திரும்பி வர வாய்ப்பு அதிகம். கனடாவில் பதிவான ஒரு தொண்டு நிறுவனத்தோடு கூட்டாகப் போவதுதான் நடைமுறை. 2022இல் சட்டம் மாறியபின் அங்குள்ள தொண்டு நிறுவனங்கள் பதிவில்லாத அமைப்புகளுக்கும் கொடுக்கலாம். ஆனால் காசு எப்படிச் செலவாகிறது என்பதைக் கண்காணித்துப் பொறுப்புக் காட்ட வேண்டும். நீங்கள் அனுப்பும் கணக்கு அவர்களுடைய கணக்கிலும் ஏறுகிறது.

தமிழாசிரியர், சாம்பல்தீவு:

தம்பி சொன்னதை ஏற்கிறேன், கட்டளை வேண்டாம். ஆனால் இந்தப் பவுண்டேசன்கள் செய்வதுபோல முதல் அழியாமல் பலனை மட்டும் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. சோழர் கல்வெட்டுகளில் கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு விடுவார்கள். 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். பெற்றுக்கொண்ட இடையர் மந்தையின் தொகையைக் குறையாமல் காக்க வேண்டும், நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். 'பொலியூட்டு' என்றால் வட்டிக்கு விட்ட முதல். அறக்கட்டளை இருந்த இடத்தில் 'பொலிநிதியம்' என்று வைத்தால் என்ன?

இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். ஈ, தா, கொடு மூன்றும் கேட்பவரின் சொற்கள் என்கிறது தொல்காப்பியம். ஈ என்பது தாழ்ந்தவர் கூற்று, தா ஒத்தவர் கூற்று, கொடு உயர்ந்தவர் கூற்று. நம் சங்கங்கள் கையேந்திப் போகவில்லை. வேலையைத் தாங்கள் செய்கிறார்கள், காசை மற்றவர் தருகிறார். ஒத்தவர் கேட்பது 'தா'. ஆகவே 'தருகை' என்று வையுங்கள். நிபந்தனையைப் பிறகு விளக்கலாம், நிலையை முதலில் சரியாக்க வேண்டும்.

கணக்காளர், கிண்ணியா:

சேர், மதிப்போடு சொல்கிறேன். பொலிநிதியம் என்றால் 'போலி நிதியம்' என்று வாசித்துவிடுவார்கள். ஒரு கொம்பின் சுழிக்குத்தான் வித்தியாசம். காசு விஷயத்தில் அந்த ஆபத்து வேண்டாம். ஆடு உதாரணத்தைக் கட்டாயம் சேருங்கள், முதலைத் தொடக்கூடாது என்பது உடனே விளங்கும். கனடாவில் தொண்டு நிறுவனங்கள் சேர்த்து வைத்த சொத்தில் ஆண்டுதோறும் குறைந்தது செலவிட வேண்டியது நூற்றுக்கு 3.5, பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 2023 முதல் நூற்றுக்கு 5. ஒரு நிதியத்திடம் கோடி இருக்கிறதே, ஏன் இவ்வளவு சின்னத் தொகை தருகிறது என்று கேட்கிறவர்களுக்கு அதுவே பதில்.

மொழிபெயர்ப்பாளர், உவர்மலை:

'சமூகம்' இருந்த இடம் இன்னும் காலி. 'பிரதேச நிதியம்' என்றால் பிரதேச சபை, 'வட்டார நிதியம்' என்றால் தேர்தல் வட்டாரம், 'மாவட்ட நிதியம்' என்றால் கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்று போகும். மிஞ்சுவது 'ஊர்'.

வளாக மாணவி, கோணேசபுரி:

ஊரே போதும் அக்கா. ரொறன்ரோவில் இருப்பவரிடமும் "ஊர் எது?" என்றுதானே கேட்கிறோம். அளவு சின்னதாகத் தோன்றினாலும் யாரையும் வெளியே தள்ளாத சொல். 'ஊர் நிலைநிதியம்' என்று சொல்லலாம். நிதியம் ஊழியர் சேமலாப நிதியத்தால் எல்லோருக்கும் பழக்கம், 'நிலை' முதல் அழியாததைச் சொல்லும்.

மொழிபெயர்ப்பாளர், உவர்மலை (வெள்ளி, மதியம்):

பெரும்பான்மையோடு 'ஊர் நிலைநிதியம்' அச்சுக்குப் போகிறது. கிராண்டுக்கு நான்கு பேர் 'திட்டக்கொடை' என்றார்கள். திட்டம் முன்னால் நிற்பதால் வேறு செலவுக்கில்லை என்பது தெரியும் என்று நானும் அதையே எடுத்தேன். அந்தச் சொல் முதன்முதலில் வரும் இடத்தில் 'கிராண்ட்' என்றும் தமிழெழுத்தில் இருக்கும். தன்னார்வச் சமூகசேவை அமைப்புகளைப் பதியும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க இலங்கைச் சட்டத்தின் கீழான பதிவுச் சான்று, இரண்டு பேர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு, கணக்காய்வறிக்கை ஆகியவை பற்றிய பக்கத்தைக் கணக்காளர் திருத்தித் தந்தார். நன்றி.

தமிழாசிரியர், சாம்பல்தீவு:

கொடு என்பது உயர்ந்தவர் கூற்று. திட்டக்கொடையிலும் அந்தக் கொடுதான் இருக்கிறது, அதனால் நான் இணங்கவில்லை. அடுத்த பதிப்பில் 'திட்டத்தருகை' பற்றி மறுபடி கேட்பேன். சங்கம் பாதி போட்டால் அவர்கள் பாதி போடுவார்களே, அந்தக் கிராண்டுக்குச் சொல் இன்னும் வைக்கவில்லை. 'ஈடுதருகை' என்பது என் முன்மொழிவு.

கணக்காளர், கிண்ணியா:

ஈடு என்றால் அடகு, சேர்.

தமிழாசிரியர், சாம்பல்தீவு:

ஈடு என்றால் ஒப்பு என்றும் பொருள். நாளை விரிவாக எழுதுகிறேன்.