வீட்டுப் பிரசவம், பிறப்புச் சான்று இல்லை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கூடலூர் பக்கம் கஷ்டப்படும் குடும்பங்களுக்குத் துணையாகக் களப்பணி செய்கிறேன். தேயிலைத் தோட்ட லைன் வீட்டில் ஒரு தாய். கணவர் விட்டுப் போய்விட்டார். 2019 ஆகஸ்ட் மழையில் பாதை அடைபட்டு, மகள் வீட்டிலேயே பிறந்தாள். கர்ப்பிணிகளைப் பதிந்து அரசு தரும் பிக்மி எண் இல்லை, பிறப்பும் பதியவில்லை.

பள்ளியில் சேர்த்தாயிற்று, வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்க முடியாதே. ஆதாரில்தான் முட்டுகிறது. ஓராண்டு கடந்ததால் பிறப்பைப் பதிய ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு வேண்டும். பதிவு இல்லை என்ற சான்று வாங்கிவிட்டோம், அங்கன்வாடிப் பதிவேட்டு நகலும் வைத்தோம். பிறந்த இடத்துக்கு ஆதாரம் கேட்டு மனு 2 முறை திரும்பிவிட்டது. பிரசவம் பார்த்த பாட்டியும் இப்போது இல்லை. ஒவ்வொரு நடைக்கும் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது, அதுதான் உறுத்துகிறது.

வீட்டுப் பிரசவத்துக்கு இப்படி உத்தரவு வாங்கியவர்கள், பிறந்த இடத்துக்கு எந்த ஆவணத்தை வைத்தீர்கள்?