வட கரோலினாவில் 7-7 எப்படி 10-4 ஆனது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி_வாசி:
அக்கா குடும்பம் அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம், சார்லட் நகரத்தில் இருக்கிறது. மாமா குடியுரிமை வாங்கி 2022 இடைக்காலத் தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டார் (நம் ஊர் இடைத்தேர்தல் இல்லை, அதிபரின் நாலு வருஷத்துக்கு நடுவில் நாடாளுமன்றத்துக்கு நடப்பது). வீடு மாறவே இல்லை, 2024இல் போனால் தொகுதி மாறிவிட்டது என்கிறார்கள். அது போகட்டும். 2022இல் அங்கே இரண்டு கட்சிக்கும் ஆளுக்கு ஏழு இடம். இரண்டே வருஷத்தில் குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 4. ஏதோ அலை அடித்ததாக்கும் என்று பார்த்தால், அதே தேர்தலில் கவர்னராக ஜெயித்தவர் ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைன்! டொனிங்டன் டீக்கடையில் கேட்டால் "மெஷின்ல ஏதோ பண்ணிட்டாங்க" என்கிறார்கள். நமக்கும் தொகுதி மறுவரையறை வருகிறது என்று வேறு பேச்சு, அதனால்தான் கேட்கிறேன்.

அரவங்காடு_ரிட்டையர்டு:
மெஷினை விடுங்கள் தம்பி. கோடு போட்டவர் மாறினார், அவ்வளவுதான்.

2020 சென்சஸில் அந்த மாநிலத்துக்கு ஒரு இடம் கூடி 13 என்பது 14 ஆனது. அங்கே எல்லை வரைவது மாநிலப் பேரவையே, அதாவது ஜெயித்த கட்சியே. கவர்னருக்கு மற்ற மசோதாக்களைத் தடுக்கும் அதிகாரம் உண்டு, இதற்கு மட்டும் கிடையாது. குடியரசுக் கட்சி தனக்குச் சாதகமாக ஒரு தொகுதி வரைபடம் போட்டது, 2022 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது, கோர்ட் நியமித்த நிபுணர்கள் திருத்திக் கொடுத்த படத்தை வைத்து அந்த ஒரு தேர்தலை மட்டும் நடத்தினார்கள். 7-7 அப்படி வந்தது.

இனிமேல்தான் கூத்து. அங்கே நீதிபதிகளையும் மக்களே, கட்சிப் பெயரோடு, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே 2022 நவம்பரில் இரண்டு நீதிபதி இடங்களும் குடியரசுக் கட்சிக்குப் போயின. 4-3 என்று ஜனநாயகக் கட்சிப் பக்கம் இருந்த கோர்ட் 5-2 என்று அந்தப் பக்கம் சாய்ந்தது. 2023 ஏப்ரலில், வழக்கும் அதே, கோர்ட்டும் அதே, தீர்ப்பு மட்டும் நேர் எதிர்: கட்சி லாபத்துக்கு எல்லை போடுவதைப் பற்றி நாங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றார்கள். அக்டோபரில் புதுப் படம் தயார். ஜனநாயகக் கட்சியின் மூன்று எம்.பி.க்கள் படத்தைப் பார்த்துவிட்டு அந்த இடங்களில் மறுபடி நிற்கவே இல்லை. சார்லட்டின் ஒரு பகுதியைத் தொட்டுக்கொண்டு போகும் 14ஆம் தொகுதியில் 2024இல் ஜெயித்தது யார் தெரியுமா? டிம் மூர். படம் போட்டபோது பேரவை சபாநாயகராக இருந்தவரே அவர்தான்!

ஊட்டி_கேரட்:
அண்ணா சொன்னது கோர்ட் கதை. கோட்டை எப்படிப் போடுகிறார்கள் என்பது இன்னும் சுவாரசியம். எதிர்க்கட்சி ஓட்டை ஒரே தொகுதியில் குவித்து வீணாக்கலாம், இல்லையென்றால் துண்டு துண்டாக்கி எங்கேயும் ஜெயிக்க முடியாமல் கரைத்துவிடலாம்.

அந்த மாநிலத்தின் மேற்கில் ஆஷ்வில் என்று ஒரு மலை ஊர், டூரிஸ்ட் கூட்டம், ஜனநாயகக் கட்சி பலமான இடம். 2011இல் போட்ட படத்தில் ஊரை 10, 11 என்று இரண்டு தொகுதிக்குப் பிரித்து ஒரு பங்கைக் கிழக்கே இருக்கும் ஊர்களோடு சேர்த்துவிட்டார்கள். நம் ஊட்டியில் சேரிங் கிராஸ் அவிநாசியோடும் ஃபிங்கர் போஸ்ட் பொள்ளாச்சியோடும் போய்விட்டால் எப்படி இருக்கும், யோசியுங்கள். மூன்று முறை ஜெயித்த ஹீத் ஷூலர் 2012இல் ஒதுங்கிக்கொண்டார், குடியரசுக் கட்சியின் மார்க் மெடோஸ் உள்ளே வந்தார். அந்த வருஷம் மாநிலம் முழுக்க மொத்த ஓட்டில் ஜனநாயகக் கட்சிதான் முன்னால், கிடைத்தது 13இல் 4. அப்புறம் 2016இல் போட்ட படத்தில் கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மாணவர்கள் நிறையப் படிக்கும் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்கு நடுவிலேயே கோடு போனது. ஹாஸ்டல் எந்தப் பக்கமோ அதைப் பொறுத்து எம்.பி.!

கூடலூர்_தம்பி:
ஒரு கட்சியை மட்டும் வில்லன் ஆக்காதீர்கள். பேரவை ஜனநாயகக் கட்சி கையில் இருந்த 1992இல் அதே மாநிலத்தில் 12ஆம் தொகுதியை நெடுஞ்சாலையை ஒட்டிப் பாம்பு மாதிரி இழுத்துவிட்டார்கள், 1993இல் அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2022லும் செனட் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டெட் பட் சுமார் 3 சதவீதத்தில் ஜெயித்திருக்கிறார், அந்தக் கணக்கில் 7-7 அவர்களுக்குக் கொஞ்சம் குறைச்சல்தான்.

நம் கதையும் பார்ப்போமே. நீலகிரி எம்.பி. தொகுதியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் மட்டும்தான் மலை. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் கீழே, மூன்றும் வேறு வேறு மாவட்டம். எங்கள் யானைப் பிரச்சினையும், ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிப் பட்டா இல்லாமல் கிடக்கும் நிலமும் அவிநாசி ஓட்டருக்கு என்ன புரியும்? 2008 மறுவரையறையில் எம்.பி. தொகுதி தனித்தொகுதி ஆனது, கூடலூரும் ஆனது. யார் நம்மிடம் வந்து கேட்டார்கள்?

அரவங்காடு_ரிட்டையர்டு:
கோபம் நியாயம்தான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. இங்கே வரைந்தது குல்தீப் சிங் தலைமையில் ஆணையம். அவர் ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி, கூட தேர்தல் ஆணையமும் இருந்தது. எம்.எல்.ஏ., எம்.பி.க்கள் துணை உறுப்பினர்களாக உட்காரலாம், பேசலாம், ஓட்டுப் போட முடியாது. தனக்குப் பிடித்த தெருவைத் தானே சேர்த்துக்கொள்ளும் வேலை அவ்வளவு சுலபமில்லை. குறை எங்கே என்றால், ஆணையம் போட்ட பிறகு கோர்ட்டுக்குப் போகும் கதவை நம் அரசியல் சட்டத்தின் 329ஆம் பிரிவு ஏறக்குறைய மூடி வைத்திருக்கிறது. அங்கேயும் 2019இல் கட்சி லாப வழக்குகள் எங்கள் வேலை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4இல் கையை விரித்துவிட்டது, அந்த வழக்கும் வட கரோலினாவிலிருந்து போனதுதான்.

தமிழ்நாட்டுக்கு வரும் பயம் வேறு வகை. எத்தனை இடம் என்பது 1971 சென்சஸ் கணக்கில் நிற்கிறது, 39. அந்தப் பூட்டு 2026க்குப் பிறகு வரும் முதல் சென்சஸ் வரைக்கும்தான். அங்கே சண்டை கோட்டைப் பற்றி, நமக்கு எண்ணிக்கையைப் பற்றி.

கோத்தகிரி_வாசி:
நன்றி. அப்போ 2026 நவம்பரில் மாமாவுக்கு மறுபடியும் தொகுதி மாறுமா?

ஊட்டி_கேரட்:
2025 அக்டோபரில் பேரவை மறுபடி கை வைத்தது, சென்சஸ் எதுவும் இல்லாமலே. ஆனால் மாற்றியது கிழக்குப் பக்கம் 1, 3 தொகுதிகளை. 1992 முதல் கறுப்பின உறுப்பினர்களே ஜெயித்து வந்த 1ஆம் தொகுதியைப் பிடித்து 11-3 ஆக்குவதுதான் கணக்கு. சார்லட் பக்கம் தொடவில்லை. எதற்கும் மாநிலத் தேர்தல் வாரிய இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், எந்தத் தொகுதி, எந்தச் சாவடி, எல்லாம் அதிலேயே வரும்.