‘இயக்க மென்மையாக்கம்’ வேண்டாம். ‘சட்டக இடைச்செருகல்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுத் தொலைக்காட்சியில் திரைப்படம் பார்க்கும்போது அசைவுகளெல்லாம் இயல்பை மீறி வழுக்கிக்கொண்டு ஓடுவதுபோலத் தோன்றச் செய்யும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ (motion smoothing) வசதிக்குத் தமிழில் ‘இயக்க மென்மையாக்கம்’ என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. திரைப்படத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் ‘இயக்கம்’ என்றதும் நம் நினைவுக்கு வருவது இயக்குநரின் பணிதான். ‘இந்தப் படத்தில் இயக்க மென்மையாக்கம் அதிகம்’ என்று எழுதினால், இயக்குநர் அழுத்தமில்லாமல் எடுத்துவிட்டார் என்றே படிப்பவர் புரிந்துகொள்வார். ‘அசைவுச் சீராக்கம்’ என்ற மாற்று இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. ஆனால், சீராக்கம் என்று சொன்ன உடனேயே மூலப்படம் சீர்கெட்டிருந்தது என்று ஒப்புக்கொண்டவர்கள் ஆகிவிடுகிறோம்.

பெயரிடுவதற்கு முன் அந்த வசதி என்ன செய்கிறது என்று பார்ப்போம். பேசும் படங்கள் வந்த காலத்திலிருந்து திரைப்படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 24 சட்டகங்களாகவே, அதாவது 24 தனித்தனி நிலைப்படங்களாகவே (பிரேம்), எடுக்கப்படுகின்றன. தொலைக்காட்சித் திரையோ நொடிக்கு 60 அல்லது 120 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. 120 முறை புதுப்பிக்கும் திரையில் ஒவ்வொரு சட்டகத்தையும் ஐந்து முறை காட்டினால் கணக்கு சரியாகிவிடும். 60 என்றால் ஒன்றை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையுமாக மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருப்பதால், கேமரா பக்கவாட்டில் மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் சிறு உதறல் தெரியும். இவையெல்லாம் ஏற்கெனவே உள்ளதைத் திரும்பக் காட்டுவதுதான். புதிதாக எதுவும் சேர்வதில்லை. நாம் பெயர் தேடும் வசதி அப்படியன்று. அடுத்தடுத்த இரண்டு சட்டகங்களை ஒப்பிட்டு, எந்தப் பொருள் எங்கிருந்து எங்கு நகர்ந்தது என்று கணித்து, நடுவே எப்படி இருந்திருக்கும் என்ற ஊகத்தில் புதிய சட்டகங்களை அது தானே உருவாக்குகிறது. 120 முறை புதுப்பிக்கும் திரையில் இது முழு அளவில் இயங்கினால், ஒரு நொடியில் நாம் காணும் 120 படங்களில் ஒளிப்பதிவாளர் எடுத்தவை 24. மற்ற 96 படங்களும் பெட்டி வரைந்தவை.

இதற்கு நம்மிடம் நெடுநாளாகவே ஒரு சொல் இருக்கிறது. சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்கள், மூல ஆசிரியர் எழுதாமல் பிற்காலத்தார் நடுவே எழுதிச் சேர்த்த பகுதிகளை ‘இடைச்செருகல்’ என்றார்கள். கம்பன் பாடல்களுக்கிடையே புகுந்தவற்றை மிகைப்பாடல்கள் என்று பிரித்துக் காட்டிய பதிப்புகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கணிதப் பாடநூல்களிலும் தெரிந்த இரு மதிப்புகளுக்கு நடுவிலுள்ள மதிப்பைக் கணிக்கும் முறைக்கு இதே சொல் வழங்குகிறது. தொலைக்காட்சி செய்வதில் கணிதமும் உண்டு, மூலத்தில் கை வைப்பதும் உண்டு. இரண்டையும் தாங்கும் சொல் இதைவிட வேறு எனக்குத் தோன்றவில்லை. செருகப்படுவது சட்டகம் என்பதால் ‘சட்டக இடைச்செருகல்’ என்று முன்மொழிகிறேன்.

கலைச்சொல்லுக்குள் கண்டனம் ஒளிந்திருக்கக் கூடாது என்ற மறுப்பு வரக்கூடும். அதில் நியாயம் இருக்கிறது. விளையாட்டு ஒளிபரப்பில் வேகமாகப் பறக்கும் பந்தைத் தெளிவாகக் காண இந்த வசதி உதவுகிறது. அங்கே அது குற்றமும் ஆகாது. ஆயினும், செருகியதைச் செருகியது என்று சொல்வது பழிச்சொல் ஆகிவிடாது. பழிக்கு அஞ்சி மென்மை என்றும் சீர் என்றும் பூசி மெழுகினால்தான் சொல் பொய்யாகிறது.

அண்மையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை இந்த வசதி இயங்கும் நிலையில் பார்த்தேன். சன்னல் கம்பிகளுக்கு முன்னே நிற்கும் நாயகி முகத்திலிருந்து கையை எடுக்கிறாள். விரல்கள் சென்ற வழியில் கம்பிகள் நெளிந்து, ஒரு கணம் விரல்களோடு ஒட்டிக்கொண்டு, பிறகு தம் இடத்துக்குத் திரும்பின. கைக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது பெட்டிக்குத் தெரியாது. அதனால் கிடைத்ததை இழுத்து நிரப்பியிருக்கிறது. வசதியை அணைத்துவிட்டு மீண்டும் பார்த்தபோது கம்பிகள் அசையவில்லை. கை மட்டும் லேசான கலங்கலோடு கீழே இறங்கியது. நொடியில் ஏறத்தாழ 48-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும் கேமரா மூடி (ஷட்டர்) பதிந்துவைத்த கலங்கல் அது. நடிகையின் தயக்கம் முழுவதும் அந்தக் கலங்கலில்தான் இருந்தது.

2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டஃபர் மெக்குவாரியும் வீட்டில் படம் பார்ப்போரிடம் இந்த வசதியை அணைத்துவிடும்படி காணொளி வழியே கேட்டுக்கொண்டார்கள். ஆனால், எதை அணைப்பது? சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சாம்சங்கின் முந்தைய பெட்டிகளில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’ என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பெயர் வைத்திருக்கிறது. எந்தப் பெயரிலும் செருகுதல் என்ற செய்தி இல்லை. ஆகவேதான் நமக்குப் பொதுவான, செயலை வெளிப்படையாகச் சொல்கிற பெயர் தேவைப்படுகிறது.

துணைச்சொற்களாக, கேமரா எடுத்ததை ‘மூலச்சட்டகம்’ என்றும், பெட்டி உருவாக்கியதைச் ‘செருகுசட்டகம்’ என்றும் கொள்ளலாம். பின்னது வினைத்தொகையாதலால் வல்லினம் மிகாது. ஒரே சட்டகத்தைத் திரும்பக் காட்டுவதற்கு ‘மீள்காட்டல்’ என்று தனிச்சொல் வைத்தால் இரண்டும் குழம்பாது. இடைச்செருகலால் திரைப்படத்துக்கு வந்துசேரும் தோற்றத்தை மக்கள் ஏற்கெனவே ‘சீரியல் மாதிரி இருக்கிறது’ என்று சொல்லிவருவதால், ‘சீரியல் தோற்றம்’ என்பதையே ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு வேறொன்றை நாம் புனைய வேண்டியதில்லை.

‘சட்டகம்’ என்பதைவிட ‘பிரேம்’ என்பதே படத்துறையில் புழங்குகிறது என்பதை அறிவேன். ‘பிரேம் இடைச்செருகல்’ என்றாலும் எனக்கு மறுப்பில்லை. ‘இடைச்செருகல்’ என்ற பகுதியைப் பற்றி மட்டும் உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

அன்புடன்.