தொரப்பள்ளிக்கு எத்தனை பேர்?

(குழு: முனியம்மா பாட்டி குடும்பம்)

ரங்கநாதன் பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் 10 ராஜாஜி பிறந்தநாள். தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீட்டை அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது. ஓசூரில் இத்தனை வருஷம் இருந்தும் நம் பிள்ளைகளில் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. இந்த முறை குடும்பமாகப் போகலாம். வேன் பேச வேண்டும். யார் யார் வருகிறீர்கள்?

பிரகாஷ்: வேலை நாள் பெரியப்பா

சரஸ்வதி பெரியம்மா: புளியோதரை நான் செய்கிறேன்

திவ்யா: நானும் யாழினியும் வருகிறோம். அவளுக்கு அந்த வாரம் பேச்சுப் போட்டி. ராஜாஜி ஜனாதிபதிதானே பெரியப்பா?

ரங்கநாதன் பெரியப்பா: இல்லை அம்மா! கவர்னர் ஜெனரல். 1948 ஜூனில் மவுன்ட்பேட்டன் கிளம்பியதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் இவர். 1950 ஜனவரி 26-ல் குடியரசு ஆனதும் அந்தப் பதவியே போய்விட்டது. அதில் இருந்த ஒரே இந்தியர் இவர்தான். ஜனாதிபதியானவர் ராஜேந்திர பிரசாத். பேச்சில் மாற்றிச் சொல்லிவிடப் போகிறாள்.

திவ்யா: மூன்று நிமிடம்தான் பெரியப்பா

குமார் (சேலம்): மாமா, ராஜாஜி எங்கள் ஊர்க்காரர். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர். வக்கீல் தொழில் பார்த்ததும் சேலத்தில்தான்.

பிரகாஷ்: வந்துவிட்டார் மாப்பிள்ளை

ரங்கநாதன் பெரியப்பா: மாப்பிள்ளை, 1878-ல் ஓசூரும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1965-ல் தர்மபுரி பிரிந்தது. 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. மாவட்டம் எத்தனை முறை மாறினாலும் பிறந்த வீடு தொரப்பள்ளியில்தான் இருக்கிறது. அப்பா சக்கரவர்த்தி ஐயங்கார் அந்த ஊர் முன்சீப்.

குமார் (சேலம்): சரி மாமா, பிறந்த வீடு உங்களுக்கு, புகுந்த வீடு எங்களுக்கு

ஜெயா அத்தை: நான் வரவில்லை.

சரஸ்வதி பெரியம்மா: ஏன் ஜெயா? முழங்காலா?

ஜெயா அத்தை: முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. 1953-ல் முதலமைச்சராக இருந்த ராஜாஜி குலக்கல்வித் திட்டம் கொண்டுவந்தபோது அப்பா மூன்றாம் வகுப்பு. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டில் தாத்தாவோடு குலத்தொழிலான பானைச் சக்கரம் சுற்று என்றார்கள். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணனுக்கு மறந்துவிட்டது போல.

ரங்கநாதன் பெரியப்பா: மறக்கவில்லை. அந்த எதிர்ப்பில்தானே 1954-ல் முதலமைச்சர் பதவியை விட்டார்? காமராசர் வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார். அப்பா பத்தாவது முடித்தார். 1967-ல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, குலக்கல்வியை எதிர்த்த அதே திமுகவோடு கூட்டணி வைத்தபோது அப்பா என்ன சொன்னார் என்பதும் உனக்குத் தெரியும்.

ஜெயா அத்தை: அதை இங்கே எழுத முடியாது

பிரகாஷ்: எழுதுங்கள் அத்தை

சரஸ்வதி பெரியம்மா: பிள்ளைகள் இருக்கிற குரூப்

குமார் (சேலம்): எனக்கும் ஒரு கணக்கு பாக்கி. 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதலில் எங்கள் சேலத்தில் கொண்டுவந்தார். கள்ளுக்கடை வருமானம் போனதும் அதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி. மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டுகிற மளிகைக்கடைக்காரனை மாலை போடச் சொல்கிறீர்களா?

பிரகாஷ்: மாமாவுக்கு வருத்தம் வரியிலா, மதுவிலக்கிலா?

குமார் (சேலம்): இரண்டிலும்

திவ்யா: யாழினி அப்பா!!

ரங்கநாதன் பெரியப்பா: யாழினி பேச்சுக்கு இன்னும் சில குறிப்புகள். 1930 வேதாரண்யம் உப்பு யாத்திரை. 1954-ல் பாரத ரத்னா, முதன்முதலாக வழங்கப்பட்ட மூவரில் ஒருவர். மகள் லட்சுமி, காந்தியின் மகன் தேவதாஸைத் திருமணம் செய்தார். அவர் எழுதிய ராமாயணமான ‘சக்கரவர்த்தித் திருமகன்’ நூலுக்குச் சாகித்திய அகாதமி விருது. குலக்கல்வியையும் ஒரு வரி சேர்க்கச் சொல். ஜெயா சொல்வதும் நியாயம்தான்.

ஜெயா அத்தை: ஒரு வரி போதாது

மணி சித்தப்பா: இனிய காலை வணக்கம். இன்று சங்கடஹர சதுர்த்தி

பிரகாஷ்: சித்தப்பா, மணி மாலை நாலு

மணி சித்தப்பா: எங்கே போகிறோம்?

சரஸ்வதி பெரியம்மா: மேலே படியுங்கள். புதுமனை விழாவுக்கு எடுத்துப்போன பித்தளை அண்டா உங்கள் வீட்டில்தானே இருக்கிறது?

மணி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரஸ்வதி பெரியம்மா: பார்த்துவிட்டேன் மணி

திவ்யா: அங்கே ஆறு பக்கத்தில்தானே? யாழினி தண்ணீரில் இறங்க வேண்டும் என்கிறாள்

பிரகாஷ்: தென்பெண்ணையிலா? மழைக்குக் கெலவரப்பள்ளி அணையில் நுரை எப்படிப் பொங்குகிறது என்று பார்த்திருக்கிறாயா? பெங்களூர்க் கழிவெல்லாம் அதில்தான் வருகிறது

ரங்கநாதன் பெரியப்பா: ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம். வீட்டைப் பார்த்துவிட்டு, படங்களுக்கு எதிரே உட்கார்ந்து யாழினியைப் பேசச் சொல்லிக் கேட்கலாம். ஜெயா, நீயும் வா. நீ சொல்ல நினைப்பதை அவளிடம் அங்கேயே சொல்.

ஜெயா அத்தை: யோசிக்கிறேன். புளியோதரையில் வேர்க்கடலை அதிகம் போடச் சொல்

பிரகாஷ்: வேன்காரர் கேட்கிறார். 12 சீட்டா, 17 சீட்டா?

மணி சித்தப்பா: அண்டாவை வேனில் கொண்டுவரலாமா?

குமார் (சேலம்): நாங்கள் சேலத்திலிருந்து காரில் வந்துவிடுவோம். கடையை யார் பார்ப்பது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

பிரகாஷ்: 12ஆ 17ஆ??

ரங்கநாதன் பெரியப்பா: இப்போதைக்கு 12 என்று சொல்லி வை. முன்பணம் கொடுக்காதே.