யூஸ் ஒவ் இங்கிலீஷ் பேப்பர்ல அடிவாங்கின ஆக்கள் உங்கட கதையையும் சொல்லுங்கோ

கோண்டாவில்காரன்:

போன கிழமை ரிசல்ட் வந்தது. கேம்பிரிட்ஜ்காரர் வைக்கிற இங்கிலீஷ் சோதினை, சீ வன் அட்வான்ஸ்ட், முந்தி சீ.ஏ.ஈ எண்டு சொல்லுவினமே அதுதான். பாஸ். ஆனா வீட்டில கேக் வெட்டுற பாஸ் இல்ல. அஞ்சு ஸ்கோரின்ர சராசரி 182, சீ வன் தரம் எண்டு போடுறதுக்கு 180 வேணும், அப்ப மயிரிழையில தப்பியிருக்கிறன். பிரிச்சுப் பாத்தா ரீடிங் 191, லிசனிங் 186, ஸ்பீக்கிங் 184, ரைற்றிங் 179, கடைசியா கிராமரும் சொல்லும் பாக்கிற யூஸ் ஒவ் இங்கிலீஷ் 168. அந்த 168ஐப் பாத்து அம்மா "உதென்ன தம்பி, உனக்குக் கிராமர் தானே நல்லா வரும்" எண்டு கேட்டா. அதைத்தான் நானும் ரெண்டு நாளா யோசிக்கிறன்.

ஏனெண்டா நான் ஆறாம் வகுப்பில இருந்து கிராமருக்கெண்டே தனி ரியூசனுக்குப் போனவன். அக்டிவ் பாசிவ் நித்திரையிலயும் மாத்துவன், ரிப்போட்டட் ஸ்பீச் எண்டா கேக்கவே தேவையில்ல. ஓ.எல்லில ஏ, ஏ.எல் ஜெனரல் இங்கிலீஷும் ஏ. இந்தச் சோதினைக்கும் நான் பயந்தது ரீடிங்குக்குத்தான், கிராமர் பக்கத்தைத் தட்டியே பாக்கேல்ல.

எழுதாத ஆக்களுக்குச் சொல்லுறன், ரீடிங்கும் யூஸ் ஒவ் இங்கிலீஷும் ஒரே பேப்பர், 90 நிமிசம், 8 பகுதி, 56 கேள்வி. 2015க்கு முதல் ரெண்டும் வேற வேற பேப்பரா இருந்தது. இப்ப பேப்பர் ஒண்டு, ஆனா ஸ்கோர் ரெண்டு. இதில எனக்கு ரிசல்ட் வந்தாப்பிறகுதான் விளங்கின விசயம் என்னண்டா 2ம், 3ம், 4ம் பகுதி மட்டும்தான் யூஸ் ஒவ் இங்கிலீஷ் கணக்கில சேருது, அது மூண்டும் சேந்து மொத்தம் 28 மார்க்ஸ். மிச்சம் 50ம் ரீடிங். 28ல அஞ்சாறு போனாலே ஸ்கோர் தடாரெண்டு இறங்கும், 50ல அஞ்சாறு போனா அவ்வளவு தெரியாது.

நான் விழுந்தது 4ம் பகுதியில. ஒரு வசனம் தருவாங்கள், அதே கருத்தில இன்னொரு வசனத்தில இடைவெளி விட்டிருப்பாங்கள், ஒரு சொல்லும் தருவாங்கள், அந்தச் சொல்லை மாத்தாமல் 3ல இருந்து 6 சொல்லுக்குள்ள நிரப்ப வேணும். சோதினையில வந்ததை அப்பிடியே சொல்லக் கூடாது, அதால அதே மாதிரி ஒண்டு சொல்லுறன். அவன் உதவி செய்திருக்காட்டி நாங்கள் ரெயினை விட்டிருப்பம், இதுதான் கருத்து. தந்த சொல் "பீன்". இடைவெளிக்குப் பிறகு "ஹிஸ் ஹெல்ப்" எண்டு வருது. நான் பெரிய வீரன் மாதிரி "ஹாடின்ற் இற் பீன் ஃபோர்" எண்டு எழுதினன். பிழை! "ஹாட் இற் நொட் பீன் ஃபோர்" எண்டு நொட்டைப் பிரிச்சுத்தான் எழுத வேணும், "இஃப்"பை எடுத்துப்போட்டு "ஹாட்"டை முன்னுக்குக் கொண்டு வந்தா அங்க சுருக்கி எழுதேலாது. "இஃப்" போட்டு "இஃப் இற் ஹாடின்ற் பீன் ஃபோர்" எண்டு எழுதியிருந்தா அதுவும் சரி, பாக்க அஞ்சு சொல்லு, ஆனா "ஹாடின்ற்" ரெண்டு சொல்லாத்தான் கணக்கு, அப்ப ஆறு, மட்டுமட்டா உள்ளுக்க நிக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் 2 மார்க்ஸ், பாதி சரியெண்டா ஒண்டு தருவாங்கள். "பீன் ஃபோர்"க்கு ஒண்டு கிடைச்சிருக்கும் எண்டு மனசைத் தேத்திக்கொண்டிருக்கிறன்.

அந்த ஆறு கேள்வியோட மட்டும் 25 நிமிசம் மல்லுக்கட்டினன். முதல் நாள் ராத்திரி பஸ்ஸில கொழும்புக்குப் போய் இறங்கின ஆள், கண் எரியுது, ஹோல்ல ஏசி வேற. 10 நிமிசம் இருக்கு எண்டு சொல்லேக்க பாத்தா விடைத்தாள்ல முதல் நாலு பகுதியும் வெறுமை. விடையெல்லாம் கேள்வித்தாள்ல கிறுக்கி வைச்சிருக்கிறன், மாத்தி எழுதுறதுக்கு வேற நேரம் இல்ல, அந்த 90க்குள்ளதான். 2, 3, 4 பகுதி கப்பிட்டல் எழுத்தில எழுத வேணும், பென்சிலால. அந்த அவதியில 3ம் பகுதி, தந்த சொல்லை வசனத்துக்கேத்த மாதிரி மாத்தி எழுதுற வேர்ட் ஃபோமேசன்ல ரெண்டு எஸ் போட வேண்டிய சொல்லுக்கு ஒண்டு போட்டு விட்டது பஸ் ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பகுதியில எழுத்துப் பிழைக்கு மன்னிப்பில்ல, சொல்லு சரியெண்டாலும் சைபர்தான்.

வேற ஆர் எழுதினனீங்கள்? உங்களுக்கு எங்க அடி விழுந்தது?

பழைய_வாத்தி:

தம்பி, நான் 31 வருசம் இங்கிலீஷ் படிப்பிச்சு பென்சனில வந்தவன். ரெண்டு வருசத்துக்கு முதல் கனடாவில இருக்கிற பேரன் இந்தச் சோதினையின்ர மாதிரிப் பேப்பர் ஒண்டை அனுப்பி "அப்பப்பா செய்து பாருங்கோ" எண்டான். நானும் தேத்தண்ணியை வைச்சுக்கொண்டு கதிரையில சாஞ்சிருந்து செய்தன். 2ம் பகுதி, ஓப்பன் குளோஸ், 8 இடைவெளி, தெரிவு ஒண்டும் தரமாட்டாங்கள், நாங்களே ஒரு சொல்லுப் போட வேணும். எனக்கு 8ல 5. மனுசிக்குச் சொல்லேல்ல, இஞ்சதான் முதல்முதல் சொல்லுறன்.

விட்டது எல்லாம் பொடிச் சொல்லுகள். ஒண்டு இன்னும் ஞாபகம் இருக்கு, அவர் வாத்தியார் எண்டுறதைவிட சிநேகிதர் எண்டுதான் சொல்ல வேணும் எண்ட மாதிரி ஒரு வசனம், "நொட் ஸோ மச் எ ரீச்சர்" எண்டு வந்து பிறகு இடைவெளி. நான் "பட்" போட்டன். வர வேண்டியது "அஸ்". நொட் வந்தா பின்னால பட் வரும் எண்டு 31 வருசம் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்த வாய், கையும் தன்ர பாட்டில எழுதிப்போட்டுது. ஸோ மச் எண்டதை நான் வாசிக்கவே இல்ல.

எங்கட ஆக்களுக்கு இந்தப் பகுதி ஏன் கஷ்டம் எண்டு நான் யோசிச்சுப் பாத்தது ஒண்டு இருக்கு. "நேற்று வந்த பெடியன்", "நான் கண்ட பெடியன்", "தகப்பன் வெளிநாட்டில இருக்கிற பெடியன்". மூண்டிலயும் பெடியனுக்கு முன்னால பெயரெச்சத்தைக் கொண்டுவந்து ஒட்டினாச் சரி, நடுவில ஒரு சொல்லும் தேவையில்ல. இங்கிலீஷில முதலாவதுக்கு ஹூ, ரெண்டாவதுக்கு ஹூம், மூண்டாவதுக்கு ஹூஸ். தமிழில யோசிக்கிற மூளைக்கு அந்த இடத்தில ஓட்டை இருக்கிறதே தெரியாது. வேற்றுமை உருபும் அப்பிடித்தான், எங்களுக்கு அது சொல்லோட ஒட்டிக்கொண்டு வரும், அவனுக்கு அது முன்னால தனிச்சு நிக்கும். சோதினைக்காரன் பாத்துப் பாத்து அந்த இடத்தைத்தான் வெட்டியெடுக்கிறான்.

உமக்கு ஒரு ஆறுதல் சொல்லுறன். இவையின்ர பெரிய சோதினை, ப்ரொஃபிஷியன்சி, 1913ல முதல் முதல் வைக்கேக்க எழுதினது மூண்டே மூண்டு பேர், 12 மணித்தியாலச் சோதினை, மூண்டு பேரும் ஃபெயில். நீர் 182 எடுத்திட்டு அழுகிறீர்.

சாவகச்சேரி_தங்கச்சி:

நான் எழுதினது வேற இங்கிலீஷ் சோதினை, ஐ.ஈ.எல்.ரி.எஸ் அகடமிக். அதில கிராமருக்கெண்டு தனிப் பேப்பர் இல்ல, அது ரைற்றிங்லயும் ஸ்பீக்கிங்லயும் பாத்திடுவாங்கள். ஆனா ரீடிங் இருக்கே அப்பப்பா. 60 நிமிசம், மூண்டு நீளக் கட்டுரை, 40 கேள்வி. முதல் தரம் எழுதேக்க எனக்கு ரூ, ஃபோல்ஸ், நொட் கிவின்ல தான் பட்டை நாமம், அதாவது தந்த வசனம் கட்டுரைப்படி சரியோ, பிழையோ, கட்டுரையில சொல்லவே இல்லையோ எண்டு போடுற கேள்வி. ஃபோல்ஸுக்கும் நொட் கிவினுக்கும் வித்தியாசம் சத்தியமா விளங்கேல்ல, காசைச் சுண்டிப் போட்டமாதிரித்தான் எழுதினனான்.

பேந்து நானே ஒண்டு யோசிச்சு வைச்சன், இப்ப தங்கச்சிக்கும் இதைத்தான் சொல்லிக் குடுக்கிறன். "யாழ்ப்பாணத்தில ஆறு இல்லை, சனம் கிணத்துத் தண்ணியைத்தான் நம்பி இருக்குது" எண்டு கட்டுரையில இருக்குது எண்டு வையுங்கோ. கேள்வியில "யாழ்ப்பாணச் சனம் ஆத்துத் தண்ணியை நம்பி இருக்கு" எண்டு வந்தா ஃபோல்ஸ், கட்டுரை அதை மறுக்குது. "யாழ்ப்பாணத்தில கன கிணறு உப்பு" எண்டு வந்தா? எங்க வீட்டுக் கிணறே சவர், பக்கத்து வளவில போய்த்தான் அள்ளுறம், அப்ப கை தன்ர பாட்டில ரூ எண்டு எழுதும். ஆனா கட்டுரையில உப்பைப் பற்றி மூச்சே இல்ல. நொட் கிவின். எங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் வாசலில செருப்போட கழட்டி விட்டிட்டுத்தான் உள்ள போக வேணும்.

ரெண்டாம் தரம் எழுதேக்க நிலக்கீழ் தண்ணியைப் பற்றித்தான் ஒரு கட்டுரை வந்தது எண்டா நம்புவீங்களோ. வராது. வந்தது ஏதோ பூச்சியைப் பற்றி, எனக்கு ஒண்டும் தெரியாத விசயம், அதாலதான் நல்லாச் செய்தன் போல கிடக்கு.

சண்டிலிப்பாய்_நக்கல்:

யாழ்ப்பாணத்தில ஆறு இல்லையோ? எங்கட பக்கம் மாரியில ஓடுற வழுக்கையாறு உங்கட கண்ணுக்குத் தெரியேல்லப் போல. உங்கட கட்டுரையே ஃபோல்ஸ் தங்கச்சி.

சாவகச்சேரி_தங்கச்சி:

அண்ணை, கட்டுரையில என்ன இருக்கோ அதுதான் கணக்கு எண்டு இப்பதானே சொன்னனான் 😂 உங்கட ஆத்தை வாசலில விட்டிட்டு வாங்கோ.

நெல்லியடி_விறாந்தை:

நான் வீட்டு விறாந்தையில சின்னதா ஒரு கிளாஸ் வைச்சிருக்கிறன், ஆறேழு பிள்ளையள்தான். என்ர அனுபவம் 7ம் பகுதி, கேப்ட் ரெக்ஸ்ற். கட்டுரையில இருந்து ஆறு பந்தியைக் கழட்டி எடுத்து, அதோட சம்பந்தமில்லாத பந்தி ஒண்டையும் கலந்து ஏழாத் தருவாங்கள், எது எங்க வரும் எண்டு போட வேணும். ஒவ்வொண்டுக்கும் 2 மார்க்ஸ். இதில உள்ள கொடுமை என்னண்டா ஒண்டை மாறிப் போட்டா அந்த இடத்துக்குரியது இன்னொரு இடத்துக்குப் போய் அதையும் கெடுக்கும், அப்ப 4 போச்சு.

போன வருசம் ஒரு பிள்ளை, கெட்டிக்காரி, ஆனா இந்தப் பகுதியில மட்டும் ஒவ்வொரு முறையும் 6ல 2தான் சரி வரும். பக்கத்தில இருந்து பாத்தன், அவ ஒவ்வொரு பந்தியிலயும் முதல் வசனத்தை மட்டும் வாசிச்சுப்போட்டு அதில இருக்கிற ஒரு சொல்லு, உதாரணத்துக்குக் கப்பல் எண்டு வையுங்கோ, கட்டுரையில எங்க கப்பல் வருதோ அங்க கொண்டு போய்ப் போடுறா. சோதினைக்காரன் வேணுமெண்டே அந்தக் கப்பலைப் பிழையான பந்தியிலயும் வைச்சிருப்பான், அது தூண்டில்.

நான் என்ன செய்தனான் எண்டா பேப்பரைக் கத்தரிக்கோலால வெட்டி, பந்திகளைத் துண்டு துண்டாப் பாயில பரப்பி விட்டன். பேனை தொடக் கூடாது, ஏ.பி.சி எழுத்தும் இல்ல. இடைவெளிக்குப் பிறகு வாற பந்தி "சச் எ டிசிஷன்" எண்டு தொடங்குதா, அப்ப முடிவு எடுத்த கதை அதுக்கு முதல் பந்தியிலதான் இருக்க வேணும். "தே" எண்டு தொடங்குதா, அந்த "தே" ஆர், ஆக்களோ சாமானோ? முதல் நாள் ஒரு மணித்தியாலம் எடுத்தவ. பாயில முழங்கால் போட்டு இருந்து ஒரு துண்டைத் தூக்கி அங்க வைச்சு இஞ்ச வைச்சு, கடைசியில "ரீச்சர், இந்தத் துண்டுக்கு வால் இல்ல, ஒண்டோடையும் ஒட்டுதில்ல, இதுதான் மேலதிகம்" எண்டா. அண்டைக்குப் பிடிபட்டது அவவுக்கு.

1ம் பகுதியைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல. நாலு சொல்லுத் தருவாங்கள், நாலும் கிட்டத்தட்ட ஒரே கருத்து. நாங்கள் படமும் பிடிக்கிறம், பஸ்ஸும் பிடிக்கிறம், குடையும் பிடிக்கிறம், தடிமனும் பிடிக்குது. ஒரு பிடிதானே! இங்கிலீஷில ரேக், கச், ஹோல்ட் எண்டு ஒவ்வொண்டுக்கும் தனித்தனிச் சோடி. இதுக்கு விதி இல்ல, கேட்டா "அப்பிடித்தான்" எண்டு சொல்லலாம், அவ்வளவுதான். சோடியாப் பாடமாக்கினாலும் எவ்வளவைப் பாடமாக்கிறது, வாசிச்சு வாசிச்சுக் காதில விழுந்தாத்தான் உண்டு.

சண்டிலிப்பாய்_நக்கல்:

நான் இதுக்கு உடன்படமாட்டன் ரீச்சர். நான் வேலைக்குப் போற ஆள், ஆறு மாசம் நாவல் வாசிச்சுக்கொண்டிருக்க எங்க நேரம். மாதிரிப் பேப்பர் பத்து, மணிக்கூட்டை வைச்சுச் செய்தன், பிழை விட்டதை மட்டும் ஒரு கொப்பியில எழுதினன், எனக்கு யூஸ் ஒவ் இங்கிலீஷில 187 வந்தது. கோண்டாவில்காரனுக்கு இங்கிலீஷ் குறைவெண்டு நான் நினைக்கேல்ல, மணிக்கூடு பாக்கேல்ல. 56 கேள்வியில 6 கேள்விக்கு 25 நிமிசம் குடுத்தா ஆர்தான் தப்பிறது.

நெல்லியடி_விறாந்தை:

உங்கட ரீடிங் எவ்வளவு எண்டு சொல்லுங்கோ பாப்பம்.

சண்டிலிப்பாய்_நக்கல்:

176. அதை ஏன் இப்ப கேக்கிறீங்கள்.

நெல்லியடி_விறாந்தை:

சும்மாதான் கேட்டனான் 🙂

கோண்டாவில்காரன்:

நக்கல் அண்ணை சொன்னது உறைச்சது, மணிக்கூடு விசயம் உண்மை. ஆனா வாத்தி ஐயா சொன்ன "ஸோ மச்"சை வாசிக்காத கதைதான் எனக்கும் நடந்தது எண்டு நினைக்கிறன். இடைவெளியைக் கண்டதும் எந்த விதி எண்டு தேடுறன், வசனம் என்ன சொல்லுது எண்டு பாக்கிறேல்ல. ரியூசனில அப்பிடித்தான் பழக்கினவை, வசனத்தின்ர கருத்து விளங்காட்டிலும் வினையை மாத்தினாச் சரி, மார்க்ஸ் விழும்.

இதில அந்தப் பகுதியை மட்டும் திருப்பி எழுதேலாது, எழுதிறதெண்டா முழுச் சோதினையும், முழுக் காசும். அப்பாட்டக் கேக்க வாய் வருகுதில்ல. 182க்கும் சீ வன் சேட்டிஃபிக்கற்தானே, அதுக்கு அவையள் முடிவு திகதி போடுறேல்ல, அதால உடன எழுதுற பிளான் இல்ல. ஆனா விட மனமும் இல்ல. ரீச்சர், பெரிய ஆக்களையும் உங்கட விறாந்தையில எடுப்பியளோ? சனிக்கிழமை பின்னேரம் எண்டா எனக்கு லீவு. கத்தரிக்கோல் நானே கொண்டு வாறன்.

நெல்லியடி_விறாந்தை:

கத்தரிக்கோல் இஞ்ச இருக்கு. நீர் பென்சிலும் மணிக்கூடும் கொண்டு வாரும், நாலு மணிக்கு.