ட்ரெட்மில் பட்டி வழுக்குகிறது: உத்தரவாதம் செல்லுமா?

கேள்வி (நல்லூர்):
அம்மாவின் நீரிழிவுக்காகக் கொழும்பிலிருந்து வாங்கிய ட்ரெட்மில்லில் காலை ஊன்றும்போதெல்லாம் பட்டி ஒருகணம் நின்று மீண்டும் ஓடுகிறது. உத்தரவாதக் காலம் முடியாதபோதும், பட்டி தேய்மானப் பொருள் என்றும், பழுது பார்ப்பதானால் இயந்திரத்தைக் கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்றும் விற்பனையாளர் கூறுகிறார். என்ன செய்யலாம்?

மறுமொழி (கோண்டாவில்):
மோட்டார் மூடியைத் திறக்க வேண்டாம். அதையே சாட்டாக வைத்து உத்தரவாதத்தை மறுப்பார்கள். மின்செருகியைக் கழற்றிவிட்டு, பட்டியின் அடியில் கைவிட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் சிலிக்கோன் எண்ணெய் மட்டும் இடுங்கள். நல்லெண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். பின்னும் வழுக்கினால், பின்புற ஆணிகள் இரண்டையும் கால் சுற்று வீதம் சமமாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் பட்டி ஒருபக்கம் ஒதுங்கி விளிம்பு கிழியும். அளவுக்கு மிஞ்சி இறுக்குவதும் மோட்டாருக்குச் சுமைதான்.

மறுமொழி (சுன்னாகம்):
பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் முதலில் எடுத்து வாசியுங்கள், ஏனெனில் சட்டகம், மோட்டார், மின்சுற்றுப் பலகை, கூலி என ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு காலம் குறித்திருப்பார்கள். பழுதைக் காணொளியாக எடுத்து எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசிப் பேச்சு பின்னர் எடுபடாது. பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். அதன் துரித இலக்கம் 1977.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பட்டியின் அடிப்பக்கம் முற்றாக உலர்ந்திருந்தது. எண்ணெய் இட்டபின் மெதுவான நடைக்கு வழுக்கவில்லை. வேகம் கூட்டினால் இன்னும் சற்றுத் தயங்குகிறது. ஆணிகளைத் தொடுமுன் விற்பனையாளருக்கு எழுதுகிறேன்.